தளத்துக்கு அவசரம், பெயருக்குப் பொறுமை: எதை எப்போது, எப்படி விற்பது?

இணையதள முகவரிப் பெயர்களை, அதாவது டொமைன்களை, பதிவு செய்து தரும் ரிஜிஸ்ட்ராரிடமிருந்து புதுப்பிக்கச் சொல்லி மெயில் வரும் நாளில்தான் பலருக்கும் இந்த யோசனையே வருகிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் பதினெட்டு டொமைன் இருக்கும். இரண்டில்தான் தளம் ஓடுகிறது, அதிலும் ஒன்றில் புதிதாக எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது. மீதிப் பதினாறும் ஏதோ ஓர் இரவில் நல்ல யோசனை என்று தோன்றி வாங்கிப் போட்டவை. யோசனை போய்விட்டது, வருடா வருடம் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. விற்கலாமா, வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

பத்து வருடத்துக்கும் மேலாகத் தளங்களை உருவாக்கி நடத்துகிறேன், சிலவற்றை விற்றும் இருக்கிறேன். நான் பார்த்தவரை, தளத்தையும் டொமைனையும் ஒரே மூட்டையாகக் கட்டி யோசிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஓடும் தளம் என்பது ஆள் வந்துபோகிற கடை. சும்மா கிடக்கும் டொமைன் காலி மனை. கடையை ஆறு மாதம் பூட்டிப் போட்டால் வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், பிறகு அதற்குக் கடை விலை கிடைக்காது. காலி மனையோ அந்த இடம்தான் வேண்டும் என்று ஒருவர் வரும்வரை அப்படியே கிடக்கும், கெட்டுப்போக ஒன்றுமில்லை, வரி மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் தளம் என்றால் சீக்கிரம் முடிவெடுங்கள், பெயர் என்றால் பொறுத்திருங்கள், ஆனால் பொறுத்திருக்கத் தகுதியுள்ள பெயர்களுக்காக மட்டும்.

ஓடும் தளம்: விற்பதா, தொடர்வதா?

சிறிய தளங்களின் விலையை மாத நிகர லாபத்தின் மடங்காகத்தான் பேசுவார்கள். பெரும்பாலும் கடைசி 12 மாதச் சராசரியை எடுத்து, அதை 20க்கும் 40க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணால் பெருக்குவது வழக்கம். அந்த எண் தளத்தின் வயது, வருகை எங்கிருந்தெல்லாம் வருகிறது, வாரத்துக்கு எவ்வளவு வேலை கேட்கிறது, கடைசி ஒரு வருடத்தில் வருகை, லாபக் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்பதையெல்லாம் பொறுத்து மாறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 200 டாலர் லாபம் தரும், நிலையாக ஓடும் தளத்துக்கு 30 மடங்கு கிடைத்தால் 6,000 டாலர். அதே தளத்தை ஒரு வருடம் கவனிக்காமல் விட்டு, லாபம் 120 டாலருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் இறங்கும் கோட்டைப் பார்ப்பார், 20 மடங்குக்கு மேல் பேச மாட்டார். 2,400 டாலர். லாபம் குறைந்தது 40 சதவீதம்தான், விலை குறைந்ததோ 60 சதவீதம். பெருக்கலின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்குவதால் வரும் அடி இது. "இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம்" என்று சொல்லும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நானும் எடுக்கவில்லை. பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றி ஒரு தளம் வைத்திருந்தேன். 2023 தொடக்கத்தில் அதே துறையில் இருக்கும் ஒருவர் விலை கேட்டார். எழுதும் ஆர்வம் அப்போதே எனக்குப் போயிருந்தது, இருந்தும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அந்த செப்டம்பரில் கூகுள் தேடல் வரிசையில் செய்த 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' மாற்றத்தில் சிறிய தகவல் தளங்கள் ஏராளமாகச் சரிந்தன. என் தளத்தின் வருகை வருடக் கடைசிக்குள் பாதியாகிவிட்டது. 2024 மே மாதம் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ பதில்கள் வரத் தொடங்கின. அதன்பின் அதை விற்றபோது கிடைத்தது முதலில் அவர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு. கூகுள் என்ன செய்யும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆர்வம் போன பிறகும் கையில் வைத்திருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

எனவே எப்போது விற்பது என்பதற்கு நான் வருகை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறேன். மூன்று மாதம் தொடர்ந்து அந்தத் தளத்துக்கான வேலையைத் தள்ளிப்போட்டிருந்தால், கோடு இன்னும் சமமாக இருக்கும்போதே விற்பனைக்குத் தயாராகிவிடுவது நல்லது. மாறாக, வருகை ஏறிக்கொண்டே இருக்கிறது, உங்களுக்கும் அதில் பிடிப்பு இருக்கிறது என்றால் விற்க வேண்டாம், இன்னும் ஆறு மாத ஏற்றம் லாபத்திலும் மடங்கிலும் சேர்ந்து வரும். ஒரு வருடம்கூட ஆகாத தளத்தையும் விற்பது வீண், காட்ட 12 மாதக் கணக்கே இருக்காது. உங்கள் முகத்தையும் குரலையும் நம்பி ஓடும் தளம் என்றால் அது வேறு கதை. நீங்கள் இல்லாமல் அதை வாங்குகிறவருக்கு என்ன மிஞ்சும் என்று முதலில் யோசிக்க வேண்டும்.

தயாராவது என்றால் வரவு செலவை மாதவாரியாக ஒரு தாளில் எழுதி வைப்பது, இந்தத் தளத்தின் ஹோஸ்டிங்கையும் (தளம் இருக்கும் சர்வர் இடம்) அனலிட்டிக்ஸையும் (வருகைக் கணக்கு) மற்ற தளங்களிலிருந்து பிரித்து வைப்பது, பழைய புள்ளிவிவரங்களை இறக்கிப் பத்திரப்படுத்துவது. கூகுள் தன் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸை 2023 ஜூலையில் நிறுத்தி, அடுத்த வருடம் அந்தத் தரவையே அழித்துவிட்டது. இறக்கி வைக்காதவர்களுக்குத் தங்கள் தளத்தின் வரலாற்றில் பல வருடங்கள் அப்படியே போயின. வாங்குபவர் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. அனலிட்டிக்ஸில் பார்க்க மட்டும் அனுமதி கேட்பார், தயங்காமல் கொடுங்கள்.

எங்கே, யார் மூலம்?

தளத்துக்கு மூன்று வழி இருக்கிறது. ஃப்ளிப்பா போன்ற திறந்த சந்தையில் பட்டியலிடலாம். 2009 முதல் இருக்கிறது, எந்த அளவுத் தளத்தையும் போடலாம், ஆள் கூட்டமும் உண்டு. ஆனால் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், நாற்பது கேள்விக்குப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிடும். பட்டியலிட ஒரு கட்டணம், விற்றால் ஒரு கமிஷன். இரண்டாவது புரோக்கர். எம்பயர் ஃப்ளிப்பர்ஸ் போன்றவர்கள் கணக்கைச் சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்வார்கள், சின்ன லாபம் தரும் தளத்தைத் தொட மாட்டார்கள், கமிஷனும் கணிசம். ஆனால் அவர்களிடம் வருபவர் பணத்தோடு வருகிறார். மாத லாபம் ஆயிரங்களில் இருந்தால் புரோக்கருக்குக் கொடுக்கும் கமிஷன் வீணில்லை என்பது என் கணிப்பு.

அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு மூன்றாவது வழியைத்தான் சொல்வேன், நேரடியாகக் கேட்பது. உங்கள் துறையிலேயே தளம் நடத்துபவர்கள், அந்தப் பொருளை விற்பவர்கள், உங்களுக்கு இணைப்பு கொடுத்தவர்கள் எனப் பத்துப் பதினைந்து பேரின் பெயர் உங்களுக்கே தெரியும். மூன்று வரி போதும்: "இந்தத் தளத்தை விற்க நினைக்கிறேன். கடந்த 12 மாத வருகையும் வருமானமும் இணைத்திருக்கிறேன். விருப்பம் இருந்தால் சொல்லுங்கள்." இவர்களுக்கு அந்தத் தளத்தின் மதிப்பு மற்றவர்களைவிட அதிகம், ஏனென்றால் கட்டுரைகளைத் தங்கள் தளத்தோடு சேர்த்து, பழைய முகவரிகளை 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் தங்கள் பக்கங்களுக்குத் திருப்பிவிட்டாலே அவர்களுக்குப் பயன் வந்துவிடும். லாபமே இல்லாத ஆனால் நல்ல கட்டுரைகள் உள்ள தளத்தைக்கூட இவர்களிடம் விற்க முடியும், சந்தையில் அது கடினம்.

விற்கும்போது எதெல்லாம் கைமாறாது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் உள்ள கணக்கு உங்கள் பெயரில் இருப்பது, அதைக் கொடுக்க முடியாது, வாங்குபவர் தன் கணக்கில் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும். பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்கும் அஃபிலியேட் கணக்குகளும் பொதுவாக அப்படித்தான். தீம், பிளகின் உரிமம், காசு கொடுத்து வாங்கிய படங்கள் இவற்றின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மெயில் பட்டியலில் இருப்பவர்கள் உங்களை நம்பி முகவரி கொடுத்தவர்கள், தளம் கைமாறுவதை அவர்களுக்குச் சொல்லி, வேண்டாம் என்பவர்கள் விலக வழி வைத்த பிறகே ஒப்படைப்பது முறை.

சும்மா கிடக்கும் டொமைன்கள்

இனி அந்தப் பதினாறு பெயர்கள். டொமைன் வாங்கி விற்பவர்கள் வட்டாரத்தில் ஒரு கணக்கு சொல்வார்கள்: ஓரளவு நல்ல பெயர்களாக நூறு வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். பதினாறு பெயர் என்றால் தோராயமாக நான்கு வருடத்துக்கு ஒரு விற்பனை. ஒரு பெயருக்கு வருடம் 12 டாலர் என்றால் நான்கு வருடத்தில் 768 டாலர் கட்டியிருப்பீர்கள். விற்ற அந்த ஒரு பெயர் 500 டாலருக்குப் போயிருந்தால் மொத்தத்தில் நஷ்டம். அந்தக் கணக்கு தொழிலாகச் செய்பவர்கள் தேர்ந்தெடுத்த பெயர்களுக்கு, நள்ளிரவில் வாங்கிய பெயர்களுக்கு அதுவும் கிடைக்காது.

பெரிய விற்பனைச் செய்திகளை வைத்து விலை நினைத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்றது உண்மைதான். அது எல்லாருக்கும் தெரிந்த ஒற்றை ஆங்கிலச் சொல், மைக்ரோஸ்ட்ராடஜி என்ற மென்பொருள் நிறுவனம் பல வருடம் வைத்திருந்த பெயர், வாங்கியவர்களுக்கு அந்தச் சொல் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்ற நிலை. நம் மூன்று சொல் சேர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பெயரைப் போன்றவை உண்மையில் என்ன விலைக்குப் போயின என்பதை நேம்பயோவில் தேடிப் பார்க்கலாம், அங்கே நடந்து முடிந்த விற்பனைகள் பதிவாகின்றன. தானியங்கி மதிப்பீட்டுக் கருவிகள் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை.

எந்தப் பெயரை வைத்திருப்பது என்பதற்கு என்னிடம் ஒரே கேள்விதான். இந்தப் பெயரை நாளைக்கே வாங்கக் காரணம் உள்ள நிறுவனங்கள் இருபது சொல்ல முடியுமா? அதே சொல்லை வேறு நீட்டிப்பில் (டாட் காம், டாட் நெட் போன்ற கடைசிப் பகுதி) வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள், பெயரின் முன்னும் பின்னும் ஏதோ ஒட்டிச் சமாளிக்கிறவர்கள், இவர்கள்தான் வாங்குவார்கள். இருபது தேறினால் வையுங்கள். ஐந்துதான் தேறியது என்றால் ஒரு வருடம். ஒன்றும் தேறவில்லை, ஆனால் பெயர் அழகாக இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். புதிய நீட்டிப்புகளில் முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பார்கள், அந்த விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறொருவரின் வணிக முத்திரை உள்ள பெயர் கையில் இருந்தால் விற்க முயலவே வேண்டாம். டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி நடைமுறையில் முத்திரைக்காரர் உங்களுக்குக் காசு கொடுக்காமலே பெயரை எடுத்துக்கொள்ள முடியும். அவருக்கே நீங்கள் விலை சொல்லி எழுதியிருந்தால் அந்தக் கடிதமே தீய நோக்கத்துக்குச் சாட்சியாகிவிடும்.

விலை போடுவதா, கேட்க விடுவதா?

வைத்திருக்கும் பெயர்களுக்கு இதுதான் முக்கியமான முடிவு. 'விலை சொல்லுங்கள்' என்று பெட்டி மட்டும் வைப்பது ஒரு வழி. விலையை வெளிப்படையாகப் போட்டு உடனே வாங்கும் பொத்தானோடு வைப்பது இன்னொன்று. உண்மையிலேயே அபூர்வமான ஒற்றைச் சொல் பெயர் என்றால் முதல் வழி சரி, எதிரில் யார் வருவார் என்று தெரியாமல் விலையைக் கட்டிப்போடக் கூடாது. மற்ற எல்லாவற்றுக்கும் விலை போடுங்கள் என்றே சொல்வேன். தொழில் தொடங்கும் அவசரத்தில் இருப்பவர் ரிஜிஸ்ட்ரார் தளத்தில் பெயர் தேடுகிறார். ஆஃப்டர்நிக், செடோ போன்ற சந்தைகளில் விலையோடு பட்டியலிட்ட பெயர் அந்தத் தேடலிலேயே வந்து நிற்கும், அங்கேயே பணம் கட்டி வாங்கிவிடுவார். விலை இல்லாத பெயருக்கு அவர் மெயில் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, பேரம் பேச வேண்டும். பத்தில் எட்டுப் பேர் அடுத்த பெயரைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பது என் அனுபவம்.

அதோடு, டொமைனை உலாவியில் தட்டினால் 'விற்பனைக்கு' என்ற பக்கம் வர வேண்டும். 2018இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் டொமைன் உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன, வாங்க நினைப்பவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேறு எளிய வழி கிடையாது. விளம்பரம் காட்டும் பார்க்கிங் பக்கத்தை விட்டுவிடுங்கள், வரும் சில்லறைக்கு அது பெயரை மறைப்பதுதான் மிச்சம்.

தவணைக்குக் கொடுப்பது ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பெயர்களுக்கு நல்ல வழி. மாதாமாதம் பணம் வரும், கடைசித் தவணை வரை பெயர் இடையில் உள்ள சந்தையின் பொறுப்பில் இருக்கும். நடுவில் அவர் நிறுத்திவிட்டால் பெயர் திரும்பி வரும், ஆனால் அதற்குள் அதிலிருந்து ஸ்பேம் அனுப்பிப் பெயரைக் கெடுத்திருக்கக்கூடும் என்ற ஆபத்தையும் சேர்த்து யோசியுங்கள். நீங்களே நிறுவனங்களைத் தேடி எழுதுவது உழைப்பு அதிகம், எனக்கு இரண்டு முறை பலித்திருக்கிறது. தனித்தனியாக, சுருக்கமாக, ஒரே ஒரு தடவை எழுத வேண்டும். ஏலம் என்பது மற்ற டொமைன் வியாபாரிகளுக்கு மொத்த விலையில் தள்ளிவிடுவது. உண்மையாகப் பயன்படுத்தப்போகிறவர் தரும் விலையில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. இருந்தாலும் கைவிடப்போகும் பெயர்களுக்கு, புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு ஏலம் போட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பேரம் வந்தால் ஒரே நாளில், ஒரு எண்ணோடு பதில் எழுதுங்கள். மனதுக்குள் கீழ் எல்லை ஒன்று முன்பே முடிவாகியிருக்கட்டும். "இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள், உடனே வாங்குகிறேன்" என்று எழுதுபவர் வாங்க வந்தவர் அல்ல, அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவருக்கு வேண்டும். விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவைக்கு அவர் அனுப்பும் இணைப்பையும் தொடாதீர்கள், முகவரியை நீங்களே தட்டிப் போங்கள்.

இன்னொன்று, எனக்கு நடந்தது. ஒரு பெயருக்கு விலை பேசி முடித்த அன்று, ரிஜிஸ்ட்ரார் கணக்கில் என் பழைய மெயில் முகவரி இருப்பதைப் பார்த்துப் புதியதாக மாற்றினேன். ஒழுங்காக இருக்கட்டுமே என்றுதான். உரிமையாளரின் பெயரையோ மெயிலையோ மாற்றினால் வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாமல் 60 நாள் பூட்டு விழும் என்ற விதி, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி, அப்போது எனக்குத் தெரியாது. புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், சமீபத்தில் வேறு ரிஜிஸ்ட்ராரிடமிருந்து மாற்றிய பெயருக்கும் பொதுவாக இப்படி ஒரு பூட்டு உண்டு. வாங்க வந்தவர் பத்து நாள் பொறுத்துவிட்டு வேறு பெயரை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் விற்க நினைக்கும் பெயர்களின் விவரங்களை வருடத் தொடக்கத்திலேயே சரிசெய்துவிட்டு அப்புறம் தொடுவதே இல்லை. வாங்குபவர் அதே ரிஜிஸ்ட்ராரில் கணக்குத் திறந்தால் பெயரை உள்ளுக்குள்ளேயே அவர் கணக்குக்கு மாற்றிவிட முடியுமா என்று ரிஜிஸ்ட்ராரிடம் முதலில் கேளுங்கள், பல இடங்களில் முடியும்.

கைவிடுவதும் ஒரு வழிதான்

காலாவதியான டாட் காம் பெயர் உடனே போய்விடாது. ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலைக்கே மீட்கலாம், அதன்பின் 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் காலம், கடைசியில் 5 நாள் அழிப்புக்குக் காத்திருக்கும் காலம், பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஆனால் ஓரளவு மதிப்புள்ள பெயர்களைப் பல ரிஜிஸ்ட்ரார்கள் அந்த முதல் கட்டத்திலேயே ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள், அந்தப் பணம் பொதுவாக உங்களுக்கு வராது. முன்னாலேயே நீங்கள் ஏலம் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான்.

முன்பு தளம் ஓடிய பெயரைக் கைவிடும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கு வரும் பழைய இணைப்புகளுக்காகவே யாராவது அதை வாங்கி, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஆர்கைவில் இருக்கும் உங்கள் கட்டுரைகளை எடுத்துப் போட்டுச் சூதாட்ட விளம்பரம் நடத்தக்கூடும். அதைவிட மோசமானது மெயில். அந்த டொமைனில் உள்ள முகவரியை எங்கெல்லாம் கொடுத்திருந்தீர்களோ, அங்கெல்லாம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் மெயில் புதிய உரிமையாளருக்குப் போகும். நான் எந்தப் பெயரைக் கைவிடுவதாக இருந்தாலும் கடைசி இரண்டு மாதம் அதன் எல்லா முகவரிக்கும் வரும் மெயில்களை ஒரே பெட்டிக்குத் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். போன முறை மூன்றாவது வாரத்தில் ஒரு ஹோஸ்டிங் கணக்கின் ரசீது வந்து விழுந்தது. இன்னும் உயிரோடு ஓடும் வேறொரு தளத்தின் கணக்கு அது, ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த முகவரியில் தொடங்கியது. அதை மாற்றி, அடுத்த மாத ரசீது புதிய முகவரிக்கு வந்ததைப் பார்த்த பிறகுதான் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்தேன்.